செம்பட்டில் இறங்கும் சிங்கப்பூர்

இந்தியாவின் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகள் கூட்டம்தான் பெரிது. திருச்சியில் அது தலைகீழ். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறுகிறவர்களைவிட சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஏறுகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கையில் சென்னைக்கு அடுத்த இடம் திருச்சிக்குத்தான். கோவையும் மதுரையும் அதற்குப் பின்னால் வருகின்றன. எந்த அரசும் திட்டம் போட்டு இதை உண்டாக்கவில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், சிவகங்கை, பெரம்பலூர் பக்கத்து ஊர்களிலிருந்து கொத்து வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் சாப்பாட்டுக்கடை வேலைக்கும் கடல் தாண்டிப் போனவர்கள் உண்டாக்கியது இது. என் குடும்பத்து ஆட்களும் அதில் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். பெரியப்பா பினாங்குக்குப் போனது கப்பலில். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா'வில் ஏறினால் ஒரு வாரம் கடல். டெக் பயணம், பாயும் பெட்டியும்தான் அவருக்கு இடம். 1973இல் ரஜூலாவின் ஓட்டம் நின்று அந்த வழியை 'சிதம்பரம்' கப்பல் எடுத்துக்கொண்டது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிர்கள் போயின. தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் போய்வந்த கப்பல் வழி அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் என்றால் விமானம், விமானம் என்றால் சென்னை மீனம்பாக்கம்.

இத்தனைக்கும் திருச்சியில் அப்போதே விமான நிலையம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம். சுதந்திரத்துக்குப் பிறகு ஏர் சிலோன் விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து இங்கே வந்து போயின. யாழ்ப்பாணத்தார் காலையில் வந்து பட்டுச்சேலை வாங்கி, சினிமா பார்த்து, மலைக்கோட்டை ஏறிவிட்டுத் திரும்புவார்கள் என்று திருச்சிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அதே இலங்கையிலிருந்து மக்கள் படகில் வந்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொட்டப்பட்டு முகாமில் பல குடும்பங்கள் தங்கின. தலைக்கு மேலே கொழும்பு விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடி அங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள். பலாலி விமானம் நின்றபின் நீண்ட காலம் திருச்சிக்கு இருந்த ஒரே வெளிநாட்டு ஊர் கொழும்புதான். பகலில் ஒரு விமானம் வரும், போகும். மற்ற நேரமெல்லாம் புதுக்கோட்டைச் சாலையில் அது ஒரு நிழலான, அமைதியான கட்டடம்.

ஆகவே அண்ணன் (பெரியப்பா மகன்) சிங்கப்பூர் புறப்பட்டபோது, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய விமான நிலையத்தைத் தாண்டி, அதிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஏற வேண்டியிருந்தது. ஏஜென்ட் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. சென்னை மண்ணடியில் ஒரு லாட்ஜில் பத்துப் பன்னிரண்டு பேரோடு தங்கி, நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று காத்திருந்தார். கையில் கொண்டுபோன பணத்தில் பாதி அங்கேயே கரைந்தது. பெரியம்மாவால் வழியனுப்பச் சென்னை வரை போக முடியவில்லை. வீட்டு வாசலில் திருநீறு பூசிவிட்டு, "போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடுய்யா" என்று சொன்னதோடு சரி. கடுதாசி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

திரும்பி வருவதும் அப்படித்தான். மீனம்பாக்கத்தில் இறங்கி, அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் பட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதி, திருவள்ளுவர் பஸ்ஸில் கூரைமேல் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கோடாலித் தைலம், மைலோ டின், கைலி, டேப் ரிக்கார்டர். வருகிற வழியில் பெட்டியைத் தொட்டவருக்கெல்லாம் ஏதாவது கொடுத்தாக வேண்டும். சபராளி, அதாவது கடல் தாண்டிப் போய் வருகிறவன், என்றால் பணக்காரன் என்று ஊர் நினைத்தது. அவன் கட்டுமானக் களத்துக் கொட்டகையில் படுத்து எழுந்தவன் என்று யாரும் நினைக்கவில்லை.

இந்த நிலை மாறியது எப்படி என்று பலரும் கேட்பதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இது. ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை கொண்டுவரலாம் என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. ஓடுபாதை இருந்தாலும், பயணிகள் இருந்தாலும், ஒப்பந்தத்தில் ஊர் பெயர் இல்லாவிட்டால் வெளிநாட்டு நிறுவனம் வர முடியாது. 2003இல் சிங்கப்பூரும் மலேசியாவும் அடங்கிய ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு, பெருநகரங்கள் தவிர 18 சுற்றுலா ஊர்களுக்குக் கட்டுப்பாடில்லாமல் பறக்கலாம் என்று இந்தியா கதவைத் திறந்தது. கயா, வாராணசி, கஜுராஹோ என்று போகும் அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியும் இருந்தது. கோவையும் மதுரையும் இல்லை. சுற்றுலாவுக்காகப் போட்ட பட்டியல் அது. ஸ்ரீரங்கத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் சீமையிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள். வந்தவர்களும் உண்டு. ஆனால் விமானத்தை நிரப்பியது நம் ஊர்த் தொழிலாளிகள்.

பிறகு வேகமாக நடந்தது. குறைந்த கட்டண நிறுவனங்கள் வந்தன. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பறக்கத் தொடங்கியது. 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவில் கால் வைத்த முதல் ஊர் மும்பையோ டெல்லியோ சென்னையோ அல்ல, திருச்சி. நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். பெரியப்பாவின் ஒரு வாரக் கடலை அது நாலு மணி நேரமாக்கியது. 2009இல் புதிய முனையம் திறந்தார்கள். 2012 அக்டோபர் 4 அன்று மத்திய அமைச்சரவை திருச்சியைச் சர்வதேச விமான நிலையமாக அறிவித்தது. பல வருஷங்களாக வெளிநாட்டு விமானம் வந்துபோன இடத்துக்குப் பெயர் அப்போதுதான் கிடைத்தது.

முனையம் திறந்த கொஞ்ச வருஷத்திலேயே நிரம்பி வழிந்தது. இரவு பதினோரு மணிக்கு மேல், விமான நிலையம் இருக்கும் செம்பட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வாசலில் வேன்கள் வரிசையாக நிற்கும். ஒரு ஆளை ஏற்றிவிடப் பதினைந்து பேர் வந்திருப்பார்கள். பாட்டி, கைக்குழந்தை, கல்யாணமாகி ஒரு மாதமேயான பெண், கிராமத்துத் தலைவர். கட்டுச்சோறு பிரித்து ரோட்டோரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உள்ளே போனவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பான். விமானம் ஏறிய சத்தம் கேட்ட பிறகே வேனைக் கிளப்பச் சொல்வார்கள். உள்ளேயோ, புறப்பாட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இத கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்று படித்தவர்களைத் தேடும் ஆட்கள். அந்த அட்டை 2017 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை விவரத்தைப் போனில் நிரப்ப வேண்டியிருக்கிறது. கேட்கிற வார்த்தை மட்டும் மாறவில்லை. பேனாவுக்குப் பதில் போனை நீட்டுகிறார்கள். அங்கே ஒரு உதவி மேசையும் தமிழில் பேசி நிரப்பித்தர ஒரு ஆளும் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். இது பெரிய செலவுள்ள காரியமல்ல.

கொரோனாவுக்கு முன்பே வருஷத்துக்கு 15 லட்சம் பயணிகளைத் தாண்டியாகிவிட்டது. 2020இல் எல்லாம் நின்று, மீட்பு விமானங்கள் மட்டும் வந்தன. வேலை போனவர்கள், விசா முடிந்தவர்கள், நோயாளிகள் அதில் வந்து இறங்கினார்கள். திரும்பப் போக முடியுமா என்ற பயம் அப்போது மாவட்டம் முழுக்க இருந்தது. போனார்கள். 2023–24இல் எண்ணிக்கை 17 லட்சத்துக்கு மேல்.

2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த அடுத்த முனையம் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. வருஷத்துக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் மணிக்கு 3,500 பேரையும் தாங்கும் கட்டடம். கோபுரத்தை நினைவூட்டும் முகப்பு, சுவரெல்லாம் நம் ஊர்க் கலை. நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். கைலியும் பனியனுமாகக் கப்பல் டெக்கில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாசல் வேண்டும், கிடைத்திருக்கிறது. அண்ணன் மகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறான். நள்ளிரவு விமானத்தில் ஏறினால் காலையில் அங்கே இருக்கிறான். பொங்கலுக்கு நாலு நாள் வந்துவிட்டுப் போகிறான். அவன் அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர்.

இன்னொரு வாசலும் அங்கே உண்டு, சரக்குப் பகுதி. இங்கிருந்து காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்தின் வயிற்றில் ஏறிப் போகின்றன. காலையில் பறித்தது மறுநாள் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் விற்பனைக்கு இருக்கும். அதே பகுதி வழியாகத்தான் வெளிநாட்டில் இறந்தவர்கள் பெட்டியில் வருகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், தூக்கத்தில் மாரடைப்பில் போனவர்கள். எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. முன்பெல்லாம் சென்னைக்குப் போய் அலைந்து வாங்கி வர வேண்டும். இப்போது திருச்சியிலேயே கிடைக்கிறது. இதையும் முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கம் கடத்தும் 'குருவி'கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. அதிகாரிகள் பிடிக்கட்டும், அது அவர்கள் கடமை. ஆனால் ஆயிரக்கணக்கான பேரில் சிலர் செய்கிற காரியத்துக்காக, இரண்டு வருஷம் உழைத்து ஒரு சங்கிலி வாங்கி வருகிறவனைத் திருடனாகப் பார்ப்பது அநியாயம். மரியாதையாகப் பேசிச் சோதிக்கலாம்.

2024 அக்டோபர் 11 மாலை ஷார்ஜா புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டு, 141 பயணிகளோடு அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தபோது, புதுக்கோட்டை, தஞ்சாவூர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. எல்லோருக்கும் யாராவது ஒருவர் அப்படிப் பறக்கிறவர் இருக்கிறார். பத்திரமாக இறங்கியது என்ற செய்தி வந்ததும் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள்.

2025 மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி விமானம் போகிறது. ஏர் சிலோன் காலத்தில் பலாலியும் திருச்சியும் அண்டை ஊர்களாக இருந்தன. நடுவே ஒரு போரும் பல பத்தாண்டுகளும் போயின. இன்று ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இனி குறையைச் சொல்ல வேண்டும். கட்டடம் வளர்ந்த அளவுக்கு ஓடுபாதை வளரவில்லை. அதன் நீளம் 8,136 அடி. சென்னையின் பெரிய ஓடுபாதை 12,000 அடி. கொச்சியுடையது 11,000 அடிக்கு மேல். பெரிய விமானம் நிறைந்த சுமையும் நிறைந்த எரிபொருளுமாக, அதுவும் சித்திரை வெயிலில், எழும்புவதற்குத் திருச்சியின் நீளம் போதாது. நீட்டுவதற்கு நிலம் எடுக்கும் வேலை வருஷக்கணக்கில் இழுக்கிறது. நிலம் கொடுக்கிறவர்களுக்கு உரிய விலையை உடனே கொடுத்து முடித்திருந்தால் இத்தனை தாமதம் நேர்ந்திருக்காது.

அதைவிட அவசரமானது ஒப்பந்தம். 2003இல் ஆசியானுக்குத் திறந்த கதவு வளைகுடாவுக்குத் திறக்கவில்லை. துபாய், ஷார்ஜா, மஸ்கட், தோஹா, குவைத் என்று நம் ஆட்கள் பரவிக் கிடக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டு நிறுவனங்கள் திருச்சிக்கு வர முடியவில்லை. இந்திய நிறுவனங்கள் விடும் சில விமானங்களை நம்பித்தான் இருக்கிறோம். தீபாவளி, ரம்ஜான் நேரத்தில் கட்டணம் ஏறும்போது மறுபடி சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஏறுகிறார்கள். மாதச் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்குப் போனால் ஒரு தொழிலாளி எதற்காக ஊருக்கு வருவான்? போட்டி வந்தால் கட்டணம் இறங்கும். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழிகளில் அதை நாம் பார்த்துவிட்டோம்.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரத்தில் ஓட்டு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஓடுபாதை எப்போது நீளும், வளைகுடா ஒப்பந்தத்தில் திருச்சி பெயர் எப்போது ஏறும். தேதியோடு பதில் சொல்லச் சொல்லுங்கள்.