ஏழரை அங்குலமும் எட்டாத கட்டைவிரலும்

வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. மத்தவன் எல்லாம் தன் பொண்டாட்டிக்கு மோதிரம் வாங்குவான். நீங்க அவளுக்குக் கவ்பாய் பாணித் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு ரிவால்வர் வாங்கியிருக்கீங்களாம். டெக்சாஸ் பூராவும் அதே பேச்சுதான். பெட்டியைத் திறங்க. அடேங்கப்பா! 1873 கோல்ட்டை அச்சு அசலாப் பார்த்து இத்தாலிக்காரன் செஞ்ச உபெர்ட்டி. குழல் 7½ அங்குலம், தோட்டா .45. ஏழரையை யாராவது காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்களா?

தாயி, நீ இப்படி வா. முதல்ல சிலிண்டரைச் சுத்தி ஆறு அறையும் காலியான்னு பாரு. சரி. இப்போ ஒத்தைக் கையில பிடிச்சு, பிடி தளராம கட்டைவிரலால ஹேமரை இழு. பார்த்தீங்களா மாப்பிள்ளை, விரல் நுனி ஹேமர் கொம்புக்குக் கீழேயே நின்னுபோச்சு. எட்டணும்னா துப்பாக்கியையே உள்ளங்கைக்குள்ள திருப்புறா. திருப்பினதும் குழல் எங்கேயோ பார்க்குது. இந்த வகை ரிவால்வர்ல ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரை இழுத்தே ஆகணும். போட்டியில ரெண்டு ரிவால்வர், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு தோட்டா. ஆக, இந்தக் கூத்து பத்துத் தடவை!

கடைக்காரன் "நீளக் குழல்னா குறி தப்பாது"ன்னு சொல்லியிருப்பான். ரிவால்வருக்கு வைக்கிற இரும்புத் தகடு பெரும்பாலும் பத்துக் கெஜத்துக்குள்ளதான் நிக்குது. மூக்கு கனத்த துப்பாக்கியைத் தூக்கி அதை எதுக்குத் தொடப்போறா? 4¾ அங்குலம் போதும். தோட்டாவைக் கேட்டா, .357-க்குச் செஞ்ச துப்பாக்கியில .38 ஸ்பெஷல் போடச் சொல்லுவேன். அதே உடம்புதான், ஆனா துளை சின்னது, உள்ள இரும்பு கூட. எடை கொஞ்சம் ஏறும், உதை நல்லாவே இறங்கும்.

ரூகர் கம்பெனித் துப்பாக்கி வாங்கப் போனா வருஷத்தைப் பாருங்க. 1993-ல வந்த வக்கேரோ தடி உடம்பு. 2005-ல வந்த நியூ வக்கேரோவைப் பழைய கோல்ட் அளவுக்கு இளைக்க வெச்சுட்டாங்க. அவங்களோட பிஸ்லி மாடல்ல ஹேமர் தாழ்வா இருக்கேன்னு பாஞ்சுடாதீங்க, பிடி நீளம். தாழ்ந்த கொம்பு வெச்ச ஹேமர் தனியாவே கிடைக்கும். துப்பாக்கி வேலை தெரிஞ்சவரை விட்டு மாட்டச் சொல்லலாம்.

சரி, வாங்கினது வாங்கியாச்சு, கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேங்குறானா? மரத்துல கை வைங்க. பிடி தடிமனா இருந்தா விரலோட நீளத்தை அதுவே தின்னுடும், கட்டைவிரலுக்கு மிச்சமில்ல. உபரியா ஒரு ஜோடி மரப்பிடி வாங்கி, ரெண்டு பக்கத் தொப்பையையும் உப்புத்தாளால கொஞ்சங்கொஞ்சமாத் தேய்ங்க. தேய்க்கத் தேய்க்கத் தாயி கையில கொடுத்துப் பாருங்க. உங்க கையில இல்ல! இரும்புச் சட்டம் தட்டுப்படுற இடத்துல நிறுத்திக்கோங்க. தேய்ச்ச மரம் திரும்ப வளராது.

அடுத்தது உள்ளே இருக்கிற பெரிய ஸ்பிரிங். அதுக்கும் பிடிச் சட்டத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வாஷர் கொடுத்தாலே ஹேமர் இலேசாகும். ரொம்ப இலேசாக்கினா பிரைமர் வெடிக்காம "டிக்"குன்னு சத்தம் மட்டும் வரும். பின்னால நிக்கிறவன் சிரிப்பான், நேரம் ஓடிட்டே இருக்கும். அதனால அதையும் வேலை தெரிஞ்சவர்கிட்டயே விடுங்க.

காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, அதைக் கடைசியாச் சொல்றதுதான் என் கெட்ட குணம். ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஹேமரை இடது கட்டைவிரல் இழுக்கட்டும். வலது கை அசையவே வேண்டாம். ஒத்தைக் கையால இழுத்துச் சுடுற டூயலிஸ்ட் பிரிவுல மட்டும் பேர் கொடுக்காதே தாயி.

சின்னக் கைன்னு கவலைப்படாதே தாயி, குறி பார்த்துச் சுடுறதுல கெட்டிக்காரியான ஆனி ஓக்லியும் அஞ்சடி உசரந்தான். 1885-ல பஃபலோ பில்லோட வித்தைக் கூட்டத்துல சேர்ந்து உலகத்தையே வாய் பிளக்க வெச்சாங்க. அவங்க பேர் வாங்கினது நீளத் துப்பாக்கியிலன்னு மாப்பிள்ளை குறுக்கே வருவார். வரட்டும்.

அது சரி மாப்பிள்ளை, நீங்க வெச்சிருக்கிற பழைய தடி வக்கேரோவை எடுங்க. காலி பண்ணுங்க. பிடியைத் தளர்த்தாம ஹேமரை ஒரு தடவை இழுங்க, பார்ப்போம். ஏன், கையைப் பின்னாடி கட்டிக்கிட்டீங்க?