தயிரின் பயண உரிமை குறித்து ஓர் ஆய்வு

வெளிநாட்டில் குடியிருக்கும் பல்கேரியர் ஒருவர் விடுமுறை முடிந்து சோஃபியாவிலிருந்து திரும்பும்போது அவர் பெட்டியில் இருப்பதையெல்லாம் விமானக் கம்பெனியும் சுங்கத்துறையும் ‘சாமான்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. சுட்ட சிவப்புக் குடைமிளகாயையும் தக்காளியையும் கிண்டி அடைத்த லூதெனித்சா பாட்டில், உப்புநீரில் ஊறிய சிரெனே என்னும் வெள்ளைப் பாலாடைக்கட்டி, காய்ந்த சூப்ரித்சா இலைத்தூள், கடைசி நேரத்தில் அம்மா துண்டில் சுற்றிச் செருகிய தயிர் ஜாடி எல்லாம் அதில் அடக்கம். இந்த வகைப்பாடு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் மூன்றும் சாமான்தான், அதில் தகராறில்லை. நான்காவதாகச் சொன்ன கிசெலோ ம்லியாகோ, அதாவது பல்கேரியத் தயிர், பயணி. அதைத் தராசில் வைத்து நிறுப்பது முறையல்ல.

பயணி என்பவர் உயிரோடு ஏற வேண்டும், இறங்கிய ஊரில் ஒரு வேலையில் அமர வேண்டும், நாளடைவில் குடும்பம் பெருக வேண்டும். லூதெனித்சா இந்தச் சோதனையில் முதல் படியிலேயே விழுகிறது. பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்த பொருளிடம் உயிரை எதிர்பார்க்க முடியாது. ரொட்டியில் தடவத் தடவக் குறையுமே தவிர, ஒருநாளும் கூடாது. அலெக்கோ கொன்ஸ்தாந்தினோவ் 1895இல் வெளியிட்ட நூலின் நாயகன் பாய் கன்யோ இடுப்புக் கச்சையில் ரோஜா எண்ணெய்க் குப்பிகளைச் செருகிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறான். அந்த எண்ணெய் எத்தனை எல்லை தாண்டினாலும் சரக்காகவே இருந்தது, விற்றதும் தீர்ந்தது. தயிரின் கதை வேறு. ஒரு மேசைக்கரண்டி உறை, ஒரு லிட்டர் பால், ஏறக்குறைய 43 டிகிரி வெதுவெதுப்பு, சுற்றிவைக்க ஒரு கம்பளி, சில மணிநேரப் பொறுமை: வந்து இறங்கிய இரவே அது வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது. விசா எடுத்து வந்தவருக்கே அவ்வளவு சீக்கிரம் வேலை அமைவதில்லை.

பயண ஆவணங்களும் இதற்குச் சான்று. பல்கேரியாவின் த்ரான் வட்டாரத்தில் ஸ்துதென் இஸ்வோர் என்ற சிற்றூரில் பிறந்த ஸ்தாமென் கிரிகொரோவ், ஜெனீவாவில் மருத்துவம் படிக்கையில் பேராசிரியர் மசோலின் ஆய்வகத்தில் ஊர்த் தயிரை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, 1905இல் அதிலிருந்த கோல்வடிவ பாக்டீரியாவை அடையாளம் கண்டார். கவனிக்க வேண்டியது கண்டுபிடிப்பு நடந்த இடம். பல்கேரியத் தயிர் தன் அறிவியல் அடையாளத்தைப் பெற்றது வெளிநாட்டில், அதுவும் வெளிநாட்டில் படிக்கப்போன ஒரு பல்கேரியரின் கையால். பிற்பாடு ‘லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ்’ என்று அந்த பாக்டீரியா பெயர் பெற்றது. 1984இல் வகைப்பாட்டியலார் அந்தத் தனியினத் தகுதியைப் பறித்து, டெல்புரூக் என்ற ஜெர்மானியரின் பெயர் தாங்கிய இனத்தின் கீழ்த் துணையினமாக இறக்கினர். இன்று அதன் முழுப்பெயரில் ஜெர்மன் குடும்பப்பெயர் முன்னே நிற்கிறது, பல்கேரியா வாலில் தொங்குகிறது. காகிதத்தில் பெயர் இப்படிப் புரட்டப்படுவது புலம்பெயர்ந்தோருக்கு நேரும் கதி, மூட்டைகளுக்கு நேர்வதல்ல. ஜப்பானில் தயிர் கௌரவமாகவே குடியேறியது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் பல்கேரிய அரங்கில் அறிமுகமாகி, 1973 முதல் நாட்டின் பெயரையே தாங்கி மெய்ஜி நிறுவனத்தின் டப்பாக்களில் விற்பனைக்கு வந்தது. சுமோ மல்லர் கொதோஓஷூ, ஒசெகி என்னும் உயர்பட்டத்தை எட்டிய முதல் ஐரோப்பியர், 2005இல்தான் அங்கே உயர்ந்தார். பல்கேரியரான அவர் சடங்குக்கு அணிந்த முன்னாடையில் அந்தத் தயிரின் பெயர் இருந்தது. யார் யாருக்குச் சிபாரிசு செய்தார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எதிர்வாதங்கள் உண்டு. சூப்ரித்சாவை விதையாகக் கொண்டுபோனால் சிகாகோ பால்கனித் தொட்டியிலும் முளைக்குமே, அதுவும் உயிர்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது ஓராண்டுச் செடி. வெயிலும் பருவமும் பார்த்து, பனிக்காலத்தில் கைவிரித்துவிடும். விதைக்கு வேண்டுமானால் அரை டிக்கெட் தரலாம். இன்னொரு வாதம், அயல்நாட்டுப் பாலில் திரும்பத் திரும்ப உறை ஊற்றினால் தயிர் பழைய தயிராக இருப்பதில்லை என்பது. உண்மை. அதிலுள்ள கோல்வடிவ பாக்டீரியாவும் அதன் கூட்டாளியான உருண்டை பாக்டீரியாவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. ஒன்று பால்புரதத்தை உடைத்துத் தர, மற்றது ஃபார்மிக் அமிலத்தால் கைம்மாறு செய்கிறது. நாள்பட அந்தக் குடும்பத்தில் பலம் ஒரு பக்கம் சாயும், உள்ளூர்க் கிருமிகளும் உள்ளே நுழையும், சுவை மாறும். இது என் வாதத்தை முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊர் மாறி இரண்டாம் தலைமுறையில் பேச்சும் பழக்கமும் மாறுபவர்களை யாரும் ‘இவர்கள் சாமான்தான்’ என்று முடிவு கட்டுவதில்லை.

கனமான மறுப்பு வேறொன்று. பன்னாட்டு உணவுத் தரவரையறைப்படி யோகர்ட் என்று விற்பதற்கே அந்த இரு பாக்டீரியாக்களும் இருந்தாக வேண்டும். பெர்லினின் துருக்கிக் கடையில் வாளி வாளியாகக் கிடைப்பதை ஏன் சுமக்க வேண்டும்? லூதெனித்சாவுக்குப் பதில் செர்பியக் கடையின் ஐவார், சிரெனேவுக்குப் பதில் கிரேக்க ஃபெட்டா, பானித்சா என்னும் அடுக்குப் பேஸ்ட்ரிக்கு யாரோ ஒரு பால்கன்காரர் விற்கும் மெல்லிய மாவுத் தாள் என்று சமாளிப்பவர், தயிரில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறார்? வெள்ளரியும் பூண்டும் வால்நட்டும் போட்ட தராதோர் என்னும் குளிர்ந்த சூப், கடைத்தயிரிலும் தராதோராகத்தான் வருகிறது. உருளைக்கிழங்கு முசாக்காவின் மேலே ஊற்றும் தயிர்-முட்டைக் கலவையும் அப்படியே. இதற்கு விடை சுலபம். பெர்லினில் ஏற்கெனவே லட்சக்கணக்கில் பெண்கள் இருக்கும்போது, உங்கள் அம்மாவை எதற்கு அழைத்துப்போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. பதிலி கிடைக்கிறது என்பது சாமானுக்கு எதிரான வாதம். பயணி விஷயத்தில் அது செல்லாது.

ஆக, எஞ்சியிருப்பது சட்டச் சிக்கல் மட்டும். பல்கேரியா சேர்ந்த 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தயிருக்கு எல்லைத் தொல்லை இல்லை. பிரிட்டனோ கோமாரி அச்சத்தால் 2025 ஏப்ரல் முதல் ஒன்றியத்திலிருந்து பயணிகள் கொண்டுவரும் பால்பொருள்களைத் தடுத்திருக்கிறது. கைப்பையில் கொண்டுபோகலாம் என்றால் 2006இல் வந்த 100 மில்லி விதி பல விமான நிலையங்களில் இன்னும் குறுக்கே நிற்கிறது. தயிர் திரவமா, திடமா என்று கேட்டால் பாதுகாப்பு அதிகாரி ஜாடியைச் சாய்த்துப் பார்ப்பார், அது அசையும், தோற்கும். 100 மில்லி உறை ஆறு லிட்டர் பாலைத் தயிராக்கும் என்பதால் இது பெரிய இழப்பல்ல என்றாலும், கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. தீர்வு விமானப் பயண விதிகளிலேயே இருக்கிறது. இரண்டு வயது நிரம்பாத பயணி மடியில் அமர்ந்து போகலாம், தனி இருக்கை வேண்டாம். நேற்றிரவு உறை ஊற்றியதற்கு இன்று காலை வயது பன்னிரண்டு மணிநேரம்கூட ஆகவில்லை. மடிக்குழந்தைக்குத் தரும் இணைப்புப் பட்டை ஜாடியின் கழுத்தில் மாட்ட வேண்டுமா, இடுப்பில் மாட்ட வேண்டுமா என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.