பறவைக்கு முன்னால் தண்ணீர்

நாங்கள் பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் ஊர்க் கரைவெட்டி ஏரிப் பறவை என்றால் ஒன்று விரட்ட வேண்டியது, இல்லாவிட்டால் பிடிக்க வேண்டியது. நடவு முடிந்த வயலில் தாழைக்கோழி இறங்கினால் இளம்பயிரை ஒடித்துப் போட்டுவிடும். விடிவதற்கு முன்பே எங்களை எழுப்பி, ஓட்டை டின்னும் குச்சியுமாக வரப்புக்கு அனுப்புவார்கள். இரவில் வலை கட்டிப் பிடித்த நாமக்கோழிகளைக் காலைக் கட்டித் தெருவில் விற்றுக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து துப்பாக்கியோடு ஜீப்பில் வருகிறவர்களும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று அதே கரையில் ஜனவரி மாதக் காலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் பைனாகுலரும் நோட்டுமாக நிற்கிறார்கள். 1987-இல் தொடங்கி ஆசியா முழுக்க நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அந்த மாதத்தில்தான் வருகிறது. அவர்களோடு எங்கள் ஊர்ப் பையன்களும் நிற்கிறார்கள். டின் தட்டியவர்கள் பெற்ற பிள்ளைகள், தட்டைவாயன் எது, ஊசிவால் வாத்து எது என்று தூரத்திலிருந்தே சொல்கிறார்கள். வரித்தலை வாத்து மங்கோலிய, திபெத்திய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம் ஊருக்கு வருகிறது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தன் பாட்டிக்கு விளக்கினான். பக்கத்தில் நின்று கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் காலத்தில் அந்த வாத்துக்கு விலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், அது வந்த வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

1999-இல் கரைவெட்டியைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தபோது எங்கள் மாவட்டம் பெரம்பலூர். அதற்கு முன்பு திருச்சி, இப்போது அரியலூர். அறிவிப்பு வந்த புதிதில் ஊரில் பயம்தான் இருந்தது. வண்டல் எடுக்க விடுவார்களா, மாடு இறங்கலாமா, மீன்பிடிக்கு என்ன வழி என்று டீக்கடையில் இதே பேச்சு. ராம்சர் பட்டியலில் கரைவெட்டி சேர்ந்த அறிவிப்பு 2024 ஜனவரி 31 அன்று வந்தது. ஈரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று போட்ட உடன்படிக்கையின் பெயரால் உலகம் முழுக்க ஈரநிலங்களுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் அது. தமிழ்நாட்டுக்கு 2002-இல் கோடியக்கரை கிடைத்தது, அடுத்த அறிவிப்பு வர 2022 ஆயிற்று. அந்த வரிசையில் ஏறத்தாழ 454 ஹெக்டேரும் 180-க்கும் மேற்பட்ட வகைப் பறவைகளுமாக எங்கள் ஏரி நிற்கிறது. எனக்கு இதில் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் அந்தக் காலத்தை முழுக்க இருட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பறவையை விரட்டியவர்களேதான் ஏரியையும் வைத்துக் காப்பாற்றினார்கள். சித்திரை வைகாசியில் ஏரி வற்றினால் வண்டி வண்டியாக வண்டல் அள்ளி வயலில் கொட்டுவார்கள். ஏரியும் ஆழப்படும், வயலும் கொழுக்கும். ஆடி பிறந்ததும் வாய்க்கால் வெட்டு. வீட்டுக்கு ஓர் ஆள் என்று அளந்து விடுவார்கள், வராத வீட்டின் பெயர் கோயில் வாசலில் கேட்கும். மடையைத் திறந்து மூடும் நீராணிக்காரருக்கு அறுப்பின்போது களத்தில் நெல் அளப்பார்கள். தன்னார்வம் என்றோ விழிப்புணர்வு என்றோ அங்கே யாரும் பேசியதில்லை. தண்ணீர் வராவிட்டால் உலை வைக்க முடியாது, அதனால் செய்தார்கள்.

அந்த வழக்கம் விட்டுப்போனது பெரம்பலூர் பக்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே என் சித்தி ஊர். காவிரி எட்டாத மானாவாரிப் பூமி, பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும். பச்சைமலையிலிருந்து இறங்கி வரும் மழைத்தண்ணீரை அடிவாரத்தில் அரும்பாவூர், லாடபுரம் போன்ற ஊர்களின் ஏரிகள் பிடித்து வைக்கும். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும், அதனால் ஊரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வெல் வந்தது. சித்தப்பா கொல்லையில் மோட்டார் போட்ட பிறகு ஏரி நிறைந்ததா என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் நின்றுபோனது. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். கேட்பாரற்ற இடத்தில் சீமைக்கருவேலம் ஏறியது, கோழிக்கடைக் கழிவும் கட்டட இடிபாடும் இரவோடு இரவாக வந்து விழுந்தன.

இப்போது மண்வெட்டியோடு ஏரிக்குப் போகும் இளைஞர்களை நான் மதிப்பது இதனால்தான். அவர்களில் பலருக்கு அந்த ஏரியில் பாசன நிலம் கிடையாது. விடுமுறை நாளில் வந்து முள் வெட்டுகிறார்கள். சித்தி ஊரில் ஜேசிபி வாடகைக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் பணம் அனுப்பினார்கள். பிழைப்புக்காக ஊர் செய்த வேலையை, பிழைப்பு அறுந்துபோன பிறகும் அன்பால் செய்கிறார்கள். அது சாதாரணமில்லை.

ராம்சர் உடன்படிக்கை போட்ட நாளான பிப்ரவரி 2 அன்று, ஓர் ஆண்டு, கரைவெட்டிக் கரையில் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் வந்தார்கள். அழைத்து வந்த தன்னார்வலப் பெண்ணிடம், எங்கள் பழைய நீராணிக்காரரின் மகன் கேட்டார்: “ஏம்மா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டினீங்களா?”

“இல்லைங்க தாத்தா. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?”

அடுத்த வாரமே கிளம்பினார்கள், நானும் போனேன். மேட்டூரிலிருந்து காவிரியில் வரும் தண்ணீர் முக்கொம்புக்குப் பக்கத்தில் வாத்தலையில் பிரிந்து, புள்ளம்பாடி வாய்க்காலாக எங்கள் பக்கம் வருகிறது. அது ஏரிக்குள் நுழையும் இடத்திலிருந்து எதிர்முகமாக நடந்தோம். மதகுகளில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. களைக்கொல்லிப் பாட்டில்கள் வரப்போரம் வீசப்பட்டு, மழையில் உருண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஓரிடத்தில் வாய்க்காலின் கரையைச் சுரண்டி யாரோ நிலத்தோடு சேர்த்திருந்தார்கள். தாத்தா அங்கே நின்று, “இது எங்கப்பா நாளில் மாட்டுவண்டி போற கரை” என்றார். அந்தப் பெண் பறவைப் பெயர்கள் எழுதிய அதே நோட்டில் மதகு மதகாகக் குறித்துக்கொண்டாள்.

தண்ணீர் வரும் வழி போனால் ஏரி என்னவாகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், மக்கள் வாயில் பொன்னேரி. கங்கை நீரால் எழுப்பிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. 16 மைல் நீளக் கரையும், கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாயும் இருந்த ஏரி. கால்வாய் தூர்ந்த பின் அவ்வளவு பெரிய கரையால் ஏரியை மீட்க முடியவில்லை.

அதனால் ஊர்ப் பிள்ளைகளிடமும் வெளியூர் நண்பர்களிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நாம் கூடும் நாட்கள் ஜனவரியும் பிப்ரவரியும். அப்போது ஏரி நிறைந்திருக்கிறது, வாத்துகள் வந்துவிட்டன, படம் நன்றாக விழும். ஏரிக்கு ஆள் தேவைப்படுவதோ ஆனியிலும் ஆடியிலும். வலசைப் பறவைகள் போய்விட்டிருக்கும், தரை வெடித்துக் கிடக்கும், படமெடுக்க ஒன்றும் இருக்காது. ஆவணிக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மதகடியில் இறங்க முடியாது. கரையோர நெல்வயல்காரர்களிடம் மருந்து பற்றிப் பேசவும் நாற்று விடுவதற்கு முன்புதான் நேரம். அவர்களைக் குற்றம் சொல்லிப் பேசினால் ஒருவரும் நிற்க மாட்டார்கள், காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனால் கேட்பார்கள். கணக்கெடுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மண்வெட்டியும் மதியச் சாப்பாடும் ஊரில் கிடைக்கும்.