விசாரணைக்குப் புறப்படும் பெரியவாத்தியார்

மேகமலை அடிவாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் காணக்கிடைக்கும் மனித வகைகளுள், 2019-க்குப் பின் தோன்றி, தோன்றிய வேகத்திலேயே தனக்கென்று ஒரு சடங்குமுறையையும் வகுத்துக்கொண்ட வகை ஒன்று உண்டு. மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே ‘கிசான் பணமும்’ வாங்கி, பின்னொரு நாள் ‘தகுதியின்றிப் பெற்ற தொகை குறித்து நேரில் ஆஜராகி விளக்கமளிக்கவும்’ என்ற அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உறக்கம் கெட்டுக் கிடக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரே அவ்வகைக்கு உரியவர். ஊர் அவரைப் பெரியவாத்தியார் என்றே அழைக்கிறது. சின்னமனூரிலும் ஓடைப்பட்டியிலும் உத்தமபாளையத்திலும் அவர் வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்தாலும், கையிலுள்ள மஞ்சள் பையும் சட்டைப்பையிலுள்ள பச்சை மைப் பேனாவும் எங்கும் ஒன்றே.

கிசான் பணம் என்று ஊரார் சொல்வது பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தை. 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பட்ட இத்திட்டம், நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்க்கு மட்டும் என்றிருந்த வரம்பு அவ்வாண்டின் நடுவிலேயே நீக்கப்பட்டது. எனினும், யாருக்கெல்லாம் கிடையாது என்ற விலக்குப் பட்டியல் நீக்கப்படவில்லை. வருமான வரி கட்டுவோர், மருத்துவம், வழக்கறிஞர் தொழில் முதலியன செய்வோர், அரசுப் பணியில் இருப்போரும் ஓய்வுபெற்றோரும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் என நீளும் அப்பட்டியல் கடைநிலை ஊழியருக்கு மட்டும் இரங்குகிறது. பெரியவாத்தியாரோ அதில் ஓரிடத்துக்கு இரண்டிடத்தில் அகப்படுகிறார். தாம் அப்பட்டியலில் இல்லை என்று தன்னுறுதிமொழிப் படிவத்தில், அதாவது விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே உறுதி கூறும் தாளில், கையெழுத்திட்டவரும் அவர்தான். ‘வினாவை இருமுறை படித்துவிட்டு விடை எழுது’ என்று பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போதித்த அவர், பதிவு முகாமில் வரிசை நகர்ந்த அவசரத்தில், பெருக்கல் குறியிட்டுக் காட்டப்பட்ட இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கூட வந்தவரிடம் தம் பேனாவைக் கொடுத்தார். அதன்பின் கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் 2,000 ரூபாய் ‘ஏறியது’. ஏறிய பணம் என்றாவது இறங்கும் என்று அவர் எண்ணிப்பார்க்கவில்லை.

இவரைத் தரகர் கூட்டத்தோடு சேர்த்து எண்ணுவது அநியாயமாகும். 2020 ஆகஸ்டில் தமிழகத்தில் வெளிப்பட்ட கிசான் முறைகேடு வேறு வகை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களையும் இணையவழியில் விவசாயிகளாகப் பதிவுசெய்து தரகர்கள் பங்கு பிரித்துக்கொண்ட அந்த விவகாரம் சிபிசிஐடி வரை சென்றது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடையின்படி, நாடெங்கும் தகுதியற்றோர் 42 லட்சத்துக்கும் மேல். அவர்களுள் தமிழகத்தார் 7 லட்சத்துக்கும் மேல். தமிழகத்தாரிடமிருந்து மட்டும் திரும்பப் பெற வேண்டியது ஏறத்தாழ 340 கோடி ரூபாய். இப்பெருங்கூட்டத்தில் ஒன்பது தவணைக்கு 18,000 ரூபாய் வாங்கிய பெரியவாத்தியார் ஒரு துளிகூட இல்லை என்பது கணக்கு. அந்த 340 கோடிக்கும் தாம் ஒருவரே விளக்கமளிக்க வேண்டும் என்பது அவரது நினைப்பு.

அறிவிப்பு வந்த மறுநாளே டீக்கடையில் சட்ட ஆலோசனை தொடங்கிவிடுகிறது. “கம்முன்னு இருங்க சார், நோட்டீஸ் வந்தவுக எல்லாரும் கட்டிட்டாகளா?” என்பது ஒரு தரப்பு. வட்டியோடு பிடிப்பார்கள், ஓய்வூதியத்தையே நிறுத்திவிடுவார்கள் என்பது, டீக்குக் காசு கொடுக்காத மற்றொரு தரப்பு. மூன்றாமவர் முன்னாள் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்; பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவர் எப்போதும் மடித்து வைத்திருப்பவர். ஓய்வுபெற்ற ஊழியரிடமிருந்து, தவறுதலாகக் கூடுதலாக வழங்கப்பட்ட தொகையைப் பிடித்தம் செய்யலாகாது என்று அத்தீர்ப்பு கூறுவது உண்மையே. ஆயினும் அது நிர்வாகம் தானே தவறிழைத்து வழங்கிய ஊதியத்தைப் பற்றியது; பயனாளி தாமே உறுதிமொழி எழுதிக்கொடுத்துப் பெற்ற உதவித்தொகையைப் பற்றியதன்று. சங்கப் பொறுப்பாளர் ‘ஓய்வுபெற்ற’ என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடிட்டிருந்ததால் இவ்வேறுபாடு டீக்கடையில் எழவில்லை.

இங்கிலாந்தில், அரசு உதவித்தொகையைத் தகுதியின்றிப் பெற்ற சந்தேகத்தின்பேரில் அழைக்கப்படுபவரிடம், எதுவும் பேச வேண்டிய கட்டாயமில்லை என்று முதலில் எச்சரித்துவிட்டு, 1984-ஆம் ஆண்டுக் காவல்துறை மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு, ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு விசாரிக்கிறார்கள். வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லவும் உரிமையுண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் கருவியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மின்விசிறியின் கீழ்ப் படபடக்கும் ஒரு பதிவேடுமே உண்டு. ஆனால் பெரியவாத்தியாரின் ஆயத்தம் இங்கிலாந்தையும் விஞ்சுவது.

முதற்கட்டம் ஆவணம். பட்டா, நிலத்தின் உரிமையாளரையும் பரப்பையும் காட்டும் சிட்டா, இன்ன பருவத்தில் இன்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல், மூலப்பத்திரம், தீர்வை ரசீது, போதாக்குறைக்குத் தம் நல்லாசிரியர் விருதுச் சான்றிதழ் ஆகிய அனைத்தையும் மும்மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்திடுகிறார். ஓய்வுபெற்றவர்க்கு மேலொப்பமிடும் அதிகாரம் இல்லை என்பது அவர் அறியாததன்று, கை அறியவில்லை. ஓய்வூதியப் புத்தகத்தின் நகல் மட்டும் அம்மஞ்சள் பையில் இல்லை. விசாரணை முழுவதும் அந்த ஒரு புத்தகத்தைப் பற்றியதாக இருக்க, அதைத் தவிர உலகத்தில் உள்ள தாள்களையெல்லாம் திரட்டுவதே இவ்வகையினரின் தலையாய இலக்கணம்.

இரண்டாங்கட்டம் விளக்கக் கடிதம். நான்கு பக்கம் கொண்ட அக்கடிதம், கர்னல் ஜான் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த 1895-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம், ஜூன் முதல் தேதி திறக்க வேண்டிய முதல்போகத் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளின் துயரம், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை ஆகியவற்றைக் கடந்து மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் கடிதம் அவருடைய 80 சென்ட்டை எட்டுகிறது. நான்காம் பக்கம் முழுவதும் முன்னோர் உழுத வரலாறு. ஓய்வூதியம் என்ற சொல் கடிதத்தில் எங்கும் வராதபடி எழுதியிருப்பதை உரைநடைச் சாதனை என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாங்கட்டம் களப்பணி. தாம் விவசாயிதான் என்று மெய்ப்பிக்கும் பொருட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, கடன் வாங்கிய மண்வெட்டியுடன் அவர் தம் வயலுக்குச் செல்ல, பேரன் பல கோணங்களில் படமெடுக்கிறான். அவர் விவசாயியா என்று யாரும் கேட்கவில்லை. அந்நிலத்தில் உண்மையில் வாழை போட்டிருப்பவர் குத்தகைதாரர், அதாவது ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பிறர் நிலத்தில் பயிர் செய்பவர். அவர் கையில் பட்டா இல்லாததால் கிசான் பணம் அவருக்கும் கிடையாது. உழுபவருக்கு உரிமை இல்லை, உரிமையாளருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. தகுதி குறையாமல் இருப்பது அந்த 80 சென்ட் மட்டுமே. அண்ணாந்து பார்த்தால் இம்முரண் மலையளவாகத் தெரியும். சின்னமனூரிலிருந்து தென்பழனிச் சோதனைச்சாவடி தாண்டி, பூக்களின் பெயர் சூட்டப்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏறினால் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜமெட்டு என்று விரியும் தேயிலைத் தோட்டங்களில், அட்டைக்கடிக்கும் யானைக்கும் நடுவே விடிந்தது முதல் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குடியிருக்கும் லைன் வீடுகூடத் தோட்டத்துக்குச் சொந்தமானது. மண்ணோடு அவர்களைப் போல் மல்லுக்கட்டுபவர் பள்ளத்தாக்கில் அரிது. ஆனால் பெயரில் நிலமில்லாதவரைத் திட்டம் விவசாயியாக அறியாது. தோட்டத் தொழிலாளர் எவரும் மண்வெட்டியுடன் படமெடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இறுதிக்கட்டம் ஒத்திகை. அதிகாரியாக அமர்த்தப்படுபவர் மனைவி. கேட்க வேண்டிய வினாக்கள் பன்னிரண்டை எழுதிக் கொடுத்திருந்தும், அரிவாள்மனையை விட்டு எழாமலே அவர் பதின்மூன்றாவதைக் கேட்டுவிடுகிறார்.

“பென்ஷன் வருதுல்ல, அப்புறம் ஏங்க அதுல கையெழுத்துப் போட்டீங்க?”

அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்று பெரியவாத்தியார் தீர்ப்பளிக்க, ஒத்திகை அத்துடன் நிறைவுறுகிறது.

விசாரணை நாளன்று எதிரே அமர்ந்திருக்கும் இளம் அலுவலர் கேட்பவை மூன்றே: ஆதார் எண் என்ன, ஓய்வூதியம் பத்தாயிரத்துக்கு மேலா, பணத்தை எப்போது கட்டுகிறீர்கள். இரண்டாம் வினாவுக்குப் பெரியவாத்தியார் 1895-இலிருந்து விடை தொடங்குவதைப் பார்த்து, அலுவலர் ‘ஆம்’ என்று தாமே எழுதிக்கொள்கிறார். முழுத் தொகையையும் கட்டிவிட மனத்தளவில் முதல் நாளே இசைந்தவர்தான் பெரியவாத்தியார். ‘படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்?’ என்ற கேள்வி ஒன்றுக்கே இத்தனை ஆயத்தமும் அரண் கட்டியது. அலுவலர் அதைக் கேட்கவில்லை. அதனால் உண்டான நிம்மதியைவிட, நான்கு பக்கக் கடிதத்தைப் படிக்காமலே கோப்பில் கோத்ததால் உண்டான வருத்தமே பெரிது. அக்கடிதத்துக்கு ஒப்புகை முத்திரை வாங்காமல் அவர் எழவில்லை.

பணம் புரண்ட வகைதான் விந்தை. மண்வெட்டியும் படமெடுப்புமாக அவரை வயலில் கண்ட குத்தகைதாரர், நிலத்தைத் திரும்பக் கேட்கப்போகிறார் என்று அஞ்சி, இரண்டு ஆண்டுகளாக இழுத்தடித்த குத்தகைப் பாக்கியை அந்த வாரமே கொண்டுவந்து வைத்துவிட்டார். வரைவோலை எடுத்து 18,000 ரூபாயும் செலுத்தப்பட்டது. வரைவோலைக்கு வங்கி பிடித்த கமிஷனை அரசே ஏற்க வேண்டும் என்று கோரி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அளிப்பதற்குப் பெரியவாத்தியார் இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பக்கம் வரை வந்திருக்கிறது, பென்னிகுயிக் இன்னும் அணையைக் கட்டி முடிக்கவில்லை.