சூரியன்மேல் பழி போட்ட துரைமார்

மலேசியாவின் ரெம்பாவ் ரப்பர் தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் அணிக்கு, நின்ற பாட்டிமார் எல்லாரும் பருவநிலை ஆய்வாளர்கள்தான். விடியுமுன் வானத்தைப் பார்ப்பார்கள், மரப்பட்டையைத் தடவுவார்கள், "இன்னிக்கு வெட்டு இல்லடி" என்பார்கள். ஈரப்பட்டையில் உளி வைத்தால் பால் கோட்டில் ஓடாது. மங்குக்கு வெளியே வழியும். வெட்டு இல்லாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது. ஆய்வு முடிந்தது. சம்பளமில்லாத ஆய்வு!

துரைமாரின் ஆய்வு கொஞ்சம் நீளம். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, பஞ்சம் லட்சக்கணக்கானோரைத் தின்றது. 1877 புத்தாண்டன்று வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார், பஞ்சத்தைக் கவனிக்க லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். அவர் ஒரு வேளையாவது அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

அதே 1877இல் புள்ளியியல் அதிகாரி ஹண்டர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: சூரியன் முகத்தில் கரும்புள்ளி குறைந்தால் சென்னையில் மழை குறையுமாம், 11 வருஷத்துக்கு ஒருமுறை. வசதியான குற்றவாளி. சம்மன் அனுப்பினாலும் வரமாட்டான். 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகமே தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு கூத்து: அந்த 1877இல்தான் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கித்தா (ரப்பர்) கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. கன்று மரமாகி, மரம் காடாகி, ரெம்பாவ் வரை பரவியபோது பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. பஞ்சம் கண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள்.

1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித மேதை. அங்கே அவர் பேர்போனது பூமராங் எறிவதில். வானிலை அனுபவம் பூஜ்யம். ஆனால் மனுஷன் சூரியனை விட்டுவிட்டு, உலகமெங்கும் உள்ள காற்றழுத்தக் கணக்குகளைக் குமாஸ்தாக்களிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது என்று தெரிந்தது. 1924இல் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயர் வைத்தார். பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவோடு அதற்குள்ள உறவை 1969இல்தான் வானிலை அறிஞர் பியெர்க்னெஸ் சொன்னார்.

ஆக, 1877இல் அடித்தது பெரிய எல் நினோ. சூரியன் நிரபராதி. அந்த வருஷ மழையை நிறுத்தியது பசிபிக். பட்டினிக்கு நடுவில் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேற அனுமதித்தது லிட்டன் அரசாங்கம். அந்தப் பழியை எல் நினோ தலையிலும் கட்ட முடியாது.