சாம்பாருக்குள் கோலிக்குண்டு

சாப்பாட்டுச் செயலியில் பார்த்த சாம்பார் இட்லி ஒருநாளும் வீட்டுக்கு வந்து சேரவில்லையே என்று ஏங்குகிறவர்களுக்காக அதன் செய்முறையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பவும். அப்போதுதான் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் மூழ்காமல், காயை வாரிக் கொட்டிய சாம்பார் மாதிரி மேலே தெரியும். கொத்தமல்லித் தழைமேல் கிளிசரின் தெளிக்கவும். பனித்துளி சாயங்காலம் வரை காயாது. பஞ்சை நனைத்துச் சூடாக்கி இட்லிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் ஆவி பறக்கும். இட்லி முந்தாநாள் சுட்டதாக இருக்கலாம். கல்லாகிப் போயிருந்தால் இன்னும் உத்தமம், படம் முடியும்வரை சரியாது. உப்பு? அது எதற்கு?

கற்பனை என்று நினைக்க வேண்டாம். கோலிக்குண்டு வித்தை அமெரிக்காவின் கேம்பெல் சூப் கம்பெனி விளம்பரத்தில் செய்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்து, 1970இல் ‘இனி இப்படிச் செய்ய மாட்டோம்’ என்று எழுதி வாங்கியது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 53ஆவது பிரிவு: உணவைப் பற்றி ஏமாற்று விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பத்து லட்சம்! கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ‘படம் விளக்கத்துக்காக மட்டுமே’ என்று ஒரு வரியை எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் போட்டுவிட்டால், கோலிக்குண்டு சட்டப்படி சமைக்கப்பட்டதாகிவிடுகிறது.

படம் இருந்தால் கடையே வேண்டாம் என்பதையும் ஒருவர் நிரூபித்துவிட்டார். 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று மதிப்புரைத் தளமான டிரிப்அட்வைசரில் பதிந்தார். ஷேவிங் நுரையைக் குழைத்துப் பண்டம் செய்தார். தன் காலையே இறைச்சித் துண்டு மாதிரி காட்டி, அதன்மேல் முட்டையை வைத்துப் படமெடுத்தார். நண்பர்கள் புகழ்ந்து எழுதினார்கள். சில மாதங்களில் அந்தக் கொட்டகை லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது. மேசை கிடைக்குமா என்று ஊரே போன் செய்தது. பாதத்தைச் சாப்பிட வரிசை!

நம் ஊரில் அவ்வளவு சிரமம்கூட இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கடாய், ஒரே மாஸ்டர். செயலியில் பாட்டி பெயரில் ஒரு கடை, ராவுத்தர் பெயரில் ஒரு கடை, ஆந்திரா பெயரில் ஒரு கடை. மூன்றுக்கும் வேறு வேறு படம், ஒரே குருமா. பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது, பஞ்சுக்கும் கிளிசரினுக்கும்கூட வேலை போயிற்று. மெனு அட்டைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி 2008இல் தொழில் தொடங்கிய ஜொமேட்டோ, 2024 ஆகஸ்டில் ‘இயந்திரம் வரைந்த உணவுப் படங்களைப் போடாதீர்கள்’ என்று உணவகங்களைக் கேட்டுக்கொண்டது. வாடிக்கையாளரின் நம்பிக்கை கெடுகிறதாம், புகார் கூடுகிறதாம், பணத்தைத் திருப்பித்தர வேண்டியிருக்கிறதாம். மூன்றில் எது உறைத்தது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூடவே ஒரு பெருந்தன்மை: நிஜப் படம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், லாபம் வைக்கமாட்டோம், செலவை மட்டும் கொடுங்கள்.

யார் கொடுப்பது? விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டும் மெஸ் அக்காதான். ஏற்கெனவே செயலிகளின் கமிஷன் கழுத்தை நெரிக்கிறது என்று உணவகச் சங்கம் போட்டி ஆணையத்தின் படியேறி, 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவும் வாங்கியது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. தன் வத்தக்குழம்பு ஏன் விற்கவில்லை என்பது மட்டும் தெரியவேண்டும். விற்காது அக்கா. உங்கள் குழம்பு கறுப்பு. நம் சாப்பாட்டில் ருசியானது பாதிக்கு மேல் அழுக்கு நிறம்தான்: வத்தக்குழம்பு, கருவாட்டுக்குழம்பு, கேப்பைக்களி, புளிக்காய்ச்சல், கொள்ளு ரசம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து எடுத்தால் சாக்கடைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நாக்குக்குச் சமைத்தவர்களிடம், இனிமேல் கேமராவுக்குச் சமை என்கிறான் ஒருவன். அவனுக்குப் புளி கரைக்கத் தெரியுமா? அதனால்தான் தோசைமேல் சீஸ் விழுகிறது, பரோட்டாமேல் மயோனைஸ் வழிகிறது, பிரியாணி தெருவிளக்கு மாதிரி மஞ்சளாக எரிகிறது. கர்நாடக அரசு 2024இல் கோபி மஞ்சூரியனுக்கும் கபாபுக்கும் செயற்கை நிறமியைத் தடைசெய்ய வேண்டிவந்தது. சாயம் செயலிக்கு முன்பே வந்ததுதான். ஆனால் படத்தில் செக்கச்செவேலென்று ஒன்றைக் காட்டி, தட்டில் அதே சிவப்பைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

இவ்வளவு படமெடுக்கிறார்களே, ஒரு கடையின் அடுப்படியை, பாத்திரம் கழுவும் தொட்டியை, மாவரைக்கும் பையன் கையை, எங்காவது பார்த்தீர்களா? பொரித்த எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நான் கேட்பது ஒரே ஒரு படம். இட்லி வேண்டாம், பிரியாணி வேண்டாம், கொத்தமல்லித் தழை வேண்டவே வேண்டாம். உங்கள் செயலியில் இருக்கும் ஒவ்வொரு கடையிலும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வடைச்சட்டியில் கிடக்கும் எண்ணெயைப் படமெடுத்துப் போடுங்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் நின்று. அதற்கு ஆகும் செலவை வேண்டுமானால் நானே தருகிறேன், லாபமும் வைத்துக்கொள்ளுங்கள்.