வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று எழுதுவது எப்படி

கூகுளில் முதல் பக்கத்துக்கு வர ஆசையா? முதல் தகுதி, உங்களுக்கு வத்தக்குழம்பு வைக்கத் தெரியாமல் இருப்பது. தெரிந்தவர்கள் பத்து வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நமக்கு 1,500 வார்த்தை வேண்டும்.

முதலில் கீவேர்ட். தலைப்பில் ஒன்று, துணைத்தலைப்புகளில் தலா ஒன்று, படத்தின் ஆல்ட் டெக்ஸ்ட்டில் ஒன்று. பிறகு இப்படி ஆரம்பியுங்கள்: "சுவையான வத்தக்குழம்பு செய்வது எப்படி என்று பலரும் தேடுகிறார்கள். சுவையான வத்தக்குழம்பு செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள, சுவையான வத்தக்குழம்பு செய்வது எப்படி என்ற இந்தப் பதிவைப் படியுங்கள்." இவ்வளவுக்குப் பிறகும் புளியை ஊறப்போடவில்லை பாருங்கள், அங்கேதான் இருக்கிறது தொழில்.

வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு என்று தேடுகிறவர்களையும் விடக்கூடாது. எல்லாவற்றையும் பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் கொட்டிவிடலாம். அரதப்பழசான தந்திரம்தான். தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வருகிறவருக்கு இன்னொரு பக்கமும் காட்டியதற்காக, 2006-ல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தூக்கிக் கடாசியது. அவர்கள் கார் விற்கிறவர்கள். குழம்புக்காரரை யார் கவனிக்கப் போகிறார்கள்?

மெட்டா கீவேர்ட்ஸையும் நிரப்புங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இருக்கட்டும், முதலாளி பார்ப்பார்.

2011-ல் கூகுளின் பாண்டா என்ற அப்டேட் வந்து, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. சரக்கு என்றால் நீளம் என்று நம் ஆட்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். ஆகவே சுண்டைக்காயின் மருத்துவ குணங்கள், புளியின் வரலாறு, உங்கள் பாட்டியின் கைமணம் (பாட்டி சமைத்ததே இல்லை என்றாலும்) எல்லாவற்றையும் சேருங்கள். செய்முறை கடைசியில் வரட்டும்.

அங்கே ஒரு பெண் அடுப்பில் நல்லெண்ணெயைக் காயவைத்து, சுண்டைக்காய் வற்றலையும் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையால் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். வற்றலை எப்போது எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேள்வி. நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம், அதை மூடப்போனால் அதுவே திறக்கும். வற்றல் கருகியிருக்கும். ஆனால் அனலிட்டிக்ஸில் பாருங்கள், பக்கத்தில் நின்ற நேரம் ஆறு நிமிடம்!

ஒரே குழம்பை ஐந்நூறு பக்கமாக ஏஐயை விட்டு எழுதச் சொல்லலாம். தரமில்லாமல் மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் கணக்கில் சேர்த்துவிட்டது. மாட்டுகிற வரைக்கும் லாபம். மாட்டினால் வேறு பெயரில் தளம்.

முடிவில் கேள்வி பதில் பகுதி கட்டாயம்.

வத்தக்குழம்பைச் சாதத்துடன் சாப்பிடலாமா? சாப்பிடலாம்.

வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி? தேவையான அளவு.